தீக்காயமும் கடிகாரமும்



தீக்காயப் பிரிவில் தம் பணிக்காலம் முழுவதையும் கழித்த ஒரு செவிலியரின் நினைவாக அமைந்த அறக்கட்டளையின் சார்பில் ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவு நடைபெறுகிறது. செவிலியர் பெயரால் அமைந்த மருத்துவ அறக்கட்டளைகள் நம்மிடையே குறைவு. தீக்காயச் சிகிச்சைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது. ஏன் என்பது என் உரை முடிவதற்குள் விளங்கும் என்று நம்புகிறேன்.

வசதி குறைந்த அயல்நாட்டு மருத்துவமனை ஒன்றில் தீக்காயம் பட்டவர்களுக்கு எப்படிச் சிகிச்சை நடக்கிறது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நாடு மலாவி. ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் தான்சானியா, சாம்பியா, மொசாம்பிக் ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவே, கடற்கரை இல்லாமல், ஒரு பெரிய ஏரியை ஒட்டி நீண்டு கிடக்கும் சிறிய நாடு. 1964இல் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றது. மக்கள்தொகை சுமார் 2 கோடி. பெரும்பாலோர் மக்காச்சோளம் பயிரிட்டு, அதையே உண்டு வாழும் உழவர்கள். அந்நாட்டின் தென்பகுதியில் ஒரு மருத்துவமனையின் தீக்காய வார்டில் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

அங்கே கற்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீக்காயத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தாமதம். தண்ணீர் ஊற்றுவதில் தாமதம், டிரிப்ஸ் ஏற்றுவதில் தாமதம், சோறு கொடுப்பதில் தாமதம், தோல் வைப்பதில் தாமதம், கையை நீட்டி மடக்க வைப்பதில் தாமதம். பணம் இல்லாமல் தீராத தாமதங்களும் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றைத் தீர்க்கும் வழி ஏழை மருத்துவமனையின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஆகவே இந்த உரையைக் கடிகாரத்தின் வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்.

யார் வருகிறார்கள்

உலகில் ஆண்டுதோறும் சுமார் 1,80,000 பேர் தீக்காயத்தால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்ந்தவர்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இறப்புகள் ஆப்பிரிக்க, தென்கிழக்கு ஆசிய வட்டாரங்களில் நிகழ்கின்றன. செல்வ நாடுகளில் உடலில் பாதி வெந்த இளைஞர் ஒருவர் பெரும்பாலும் பிழைத்து வீடு திரும்புகிறார். ஏழை நாட்டு வார்டில் மூன்றில் ஒரு பங்கு வெந்தாலே உயிர் ஊசலாடுகிறது. தோல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வேறுபடுவது அதற்குப் பிறகு நடப்பவை.

மலாவியின் தீக்காய வார்டுகளில் படுத்திருப்பவர்களில் பெரும் பகுதியினர் சிறு குழந்தைகள். அந்நாட்டின் அன்றாட உணவு நிசிமா எனப்படும் மக்காச்சோள மாவுக் களி. மூன்று கற்களைக் கூட்டி, நடுவே விறகு வைத்து, தரையோடு தரையாகக் கொதிக்கும் பானையில் அதைக் கிண்டுகிறார்கள். நடக்கப் பழகும் குழந்தையின் மார்பு உயரத்தில் அந்தப் பானை இருக்கிறது. குழந்தை தடுக்கி விழுகிறது, அல்லது பானையைப் பிடித்து இழுக்கிறது. கொதிநீராவது வழிந்து ஓடிவிடும். கொதிக்கும் களி தோலில் அப்பிக்கொண்டு, ஆறும்வரை வேகவைத்துக்கொண்டே இருக்கும்.

ஜூன், ஜூலையில் வார்டு நிரம்பி வழியும். அது அங்கே குளிர்காலம். தெற்கு மலைப்பகுதியில் சிப்பெரோனி என்று சொல்லப்படும் குளிர்ந்த மூடுபனித் தூறல் நாள்கணக்கில் நிற்கும். குடும்பமே அடுப்பைச் சுற்றி உட்காரும், அருகிலேயே உறங்கும். மின்சாரம் எட்டாத வீடுகளே அதிகம். எட்டிய வீடுகளிலும் மின்வெட்டு நீண்டது. 2022 ஜனவரியில் வீசிய அனா புயல் ஷிரே ஆற்றின் கப்பிச்சிரா நீர்மின் நிலையத்தை உடைத்துப் போட்டபோது நாட்டின் மின் உற்பத்தியில் பெரும் பங்கு ஒரே நாளில் நின்றது. மின்சாரம் போன வீட்டில் மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் எரிகின்றன.

பெரியவர்களில் ஒரு தனிக் கூட்டம் உண்டு: வலிப்பு நோய் உள்ளவர்கள். சமைத்துக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்து நெருப்பிலேயே விழுந்துவிடுகிறார்கள். நினைவு இல்லாததால் கையை இழுத்துக்கொள்ளவும் முடிவதில்லை. வலிப்பு தொற்றிக்கொள்ளும் என்ற நம்பிக்கை ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் இருக்கிறது. அந்த நேரத்தில் தொட்டுத் தூக்க மற்றவர்கள் அஞ்சுகிறார்கள். அதனால் அவர்களுக்கு எலும்புவரை வெந்துபோகிறது. நாளுக்குச் சில காசு செலவாகும் பினோபார்பிடோன் மாத்திரை தவறாமல் கிடைத்திருந்தால் அந்தக் கை போயிருக்காது. வலிப்பு மாத்திரையைத் தீக்காயத் தடுப்பு மருந்தாகவும் பார்க்க மலாவி எனக்குக் கற்றுத் தந்தது.

முதல் மணி

வெந்த இடத்தில் ஓடும் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். ஐஸ் கூடாது. வெந்து மூன்று மணி நேரம் வரையிலும் இதனால் பயன் உண்டு. காயத்தின் ஆழத்தைக் குறைக்க இதைவிடச் சிறந்த முதலுதவி எந்த நாட்டிலும் இல்லை. இதற்கு மருத்துவரே வேண்டாம்.

ஆனால் தண்ணீர் வேண்டும். ஆழ்துளைக் கைப்பம்பிலிருந்து தலையில் சுமந்து வந்த ஒரு வாளித் தண்ணீரை 20 நிமிடம் காலில் ஊற்று என்று சொல்வது, ஒரு தாயிடம் அன்றைய குடிநீரைக் கேட்பதாகும். இதை எண்ணிப் பார்க்காமல் சுவரொட்டி அடித்துப் பயனில்லை. அங்கே நாங்கள் சொல்லிக் கொடுத்தது இதுதான்: ஒரு பாத்திரத்தை அடியில் வையுங்கள், விழும் தண்ணீரையே மொண்டு மொண்டு ஊற்றுங்கள், பிறகு சுத்தமான துணியால் மூடிக் கொண்டுவாருங்கள். கேட்டவர்கள் செய்தார்கள்.

வெந்த இடத்தில் மாவு, முட்டை, மண், பற்பசை என்று எதையாவது பூசிக்கொண்டு வரும் வழக்கம் மலாவிக்கு மட்டும் உரியதன்று. பேனா மையும் தோசை மாவும் பூசிக்கொண்டு வந்தவர்களை நம் ஊர் வார்டுகளிலும் பார்த்திருக்கிறேன். பூசியதைச் சுரண்டி எடுப்பதிலேயே குழந்தை பாதி உயிராகிவிடும். காயத்தின் ஆழமும் கண்ணுக்குத் தெரியாது.

முதல் நாள்

தோல் பரவலாக வெந்ததும் உடலெங்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. ஓட்டைக் குடம்போல, உள்ளே ஊற்றுவது திசுக்களுக்குள் வழிந்துகொண்டே இருக்கும். இரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் வற்றும், சிறுநீரகம் நின்றுபோகும். முதல் இரண்டு நாளில் இறப்பவர்களில் பலரும் இப்படித்தான் இறக்கிறார்கள்.

எவ்வளவு ஊற்றுவது? அமெரிக்காவின் டாலஸ் நகரத்துப் பார்க்லேண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் 1960களில் வகுத்த கணக்கைத்தான் இன்றும் உலகமெங்கும் தொடக்கப் புள்ளியாக வைத்திருக்கிறோம். ஒரு கிலோ எடைக்கு, வெந்த உடல் பரப்பின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மில்லி ரிங்கர் லாக்டேட். மொத்தத்தில் பாதியை முதல் 8 மணி நேரத்திலும் மீதியை அடுத்த 16 மணி நேரத்திலும் கொடுக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 30 சதவீதம் வெந்திருந்தால் 7,200 மில்லி. அரை லிட்டர் பாட்டில்களில் பதினான்குக்கு மேல். அதில் 3,600 மில்லி முதல் 8 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும்.

அந்த 8 மணி நேரம், வெந்த நொடியிலிருந்து கணக்கு. மருத்துவமனை வாசலில் நுழைந்த நொடியிலிருந்து அல்ல. கிராமத்திலிருந்து சைக்கிளின் பின்புறம் உட்கார வைத்து, பிறகு மினிபஸ் பிடித்து, சிறிய மருத்துவ மையத்தில் காத்திருந்து ஒருவர் வந்து சேரும்போது ஆறு மணி நேரம் கழிந்திருக்கும். எட்டு மணி நேரத்துக்கு உரியதை இரண்டு மணி நேரத்தில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். இதனால் எங்கள் வார்டில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் ஒரு பலகை. அதில் முதல் வரி, சேர்க்கப்பட்ட நேரம் அன்று, வெந்த நேரம். அடுத்து எடை, வெந்த சதவீதம், ஒவ்வொரு மணிக்கும் சிறுநீர் அளவு. பெரியவருக்கு மணிக்கு ஒரு கிலோவுக்கு அரை மில்லியும், குழந்தைக்கு ஒரு மில்லியும் சிறுநீர் வந்தால் கணக்கு சரியாகப் போகிறது என்று பொருள். குறைந்தால் கூட்டு, மிகுந்தால் குறை. பலகைக்கும் சாக்பீசுக்கும் ஆன செலவு மிகச் சொற்பம். இரவுப் பணியில் நாற்பது பேருக்கு ஒரே செவிலியர் இருந்தாலும், நடந்துபோகும்போதே எந்தப் படுக்கையில் ஆபத்து என்று அவர் கண்ணில் படும்.

சதவீதம் கணிப்பதற்கும் கருவி தேவையில்லை. நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, ஏறத்தாழ அவர் உடல் பரப்பில் ஒரு சதவீதம். பெரியவர்களுக்கு ஒன்பதின் கணக்கு இருக்கிறது: தலை 9, ஒரு கை 9, ஒரு கால் 18, முன்னுடல் 18, பின்னுடல் 18. குழந்தையின் தலை உடலை நோக்கப் பெரிது, கால் சிறிது. அதனால் குழந்தைக்கு இந்தக் கணக்கை அப்படியே வைத்தால் தவறாகும். லண்ட், பிரவுடர் என்ற இரு மருத்துவர்கள் 1944இல் வெளியிட்ட படத்தாள் வயதுக்கேற்பத் திருத்திக் கணிக்க உதவும். அந்தப் படத்தாளின் பின்னணியில் ஒரு பெருந்தீ இருக்கிறது. பாஸ்டன் நகரின் கோகனட் குரோவ் இரவு விடுதியில் 1942 நவம்பர் 28 அன்று மூண்ட தீயில் 492 பேர் மாண்டார்கள். இன்றைய தீக்காய மருத்துவத்தின் பல பாடங்கள் அந்த ஒரு கொடிய இரவுக்குப் பிறகு எழுதப்பட்டவை.

ரிங்கர் லாக்டேட் தீர்ந்துபோன நாளில் என்ன செய்வது? வாய் இருக்கிறது. வாந்தி எடுக்காத, நினைவோடு இருக்கும் நோயாளிக்கு உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாக, விடாமல் கொடுத்துப் பெருமளவு ஈடுகட்டலாம். 1950களிலேயே பெரு நாட்டின் லிமா நகரில் அமெரிக்க ஆய்வாளர்கள் தீக்காய நோயாளிகளுக்கு வாய்வழி உப்புக் கரைசல் கொடுத்து, இரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலையை அது சமாளிக்க உதவியதைப் பதிவு செய்தார்கள். பிறகு டிரிப்ஸ் எங்கும் கிடைக்கத் தொடங்கியதும் அந்த வழி மறக்கப்பட்டது. ஏழை நாடுகளும் பேரிடர்களும் அதை மறுபடி நினைவூட்டுகின்றன. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கரண்டியால் ஊட்ட ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மலாவியில் ஒவ்வொரு நோயாளியுடனும் ஓர் உறவினர் தங்குகிறார். சமைப்பவர், துவைப்பவர், தூக்குபவர் அவரே. அவரை இடைஞ்சலாக நினைக்கும் மருத்துவமனை தோற்றுப்போகும். அவருக்குக் கற்றுக்கொடுக்கும் மருத்துவமனைக்குப் பணியாளர் எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

தோல் தேடி

ஆழமாக வெந்த தோல் இறந்த தோல். அது உடலில் இருக்கும்வரை கிருமிக்கு விருந்து. பழைய முறை, அது தானாகக் கழன்று விழும்வரை மூன்று நான்கு வாரம் காத்திருப்பது. அந்த வாரங்களுக்குள் நோயாளி சீழ்பிடித்து இறந்துபோவார்.

இதை மாற்றியவர் சோரா யான்செகோவிச் என்ற பெண்மணி. அன்றைய யுகோஸ்லாவியாவில், இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள மாரிபோர் நகர மருத்துவமனையில் பணிபுரிந்தவர். வெந்த சில நாட்களிலேயே இறந்த அடுக்கை மெல்லிய சீவல்களாகச் சீவி, இரத்தம் கசியும் உயிருள்ள அடுக்கு வந்ததும் நிறுத்தி, அங்கேயே தோலை ஒட்டும் முறையை அவர் வளர்த்தெடுத்து 1970இல் உலகுக்கு வெளியிட்டார். பெரிய தலைநகரங்களின் அறுவை மருத்துவர்கள் அந்த நகரத்துக்குப் பயணம் செய்து, அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு போனார்கள். தீக்காய மருத்துவத்தின் மிகப் பெரிய திருப்பங்களில் ஒன்று, செல்வம் கொழிக்காத ஒரு மருத்துவமனையில் பிறந்தது. இளைஞர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

ஆனால் மாரிபோர் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு மலாவிக்குக் கொண்டுபோக முடியாது. தோலைச் சீவும்போது இரத்தம் பெருகும். இரத்த வங்கியில் இரத்தம் இல்லை என்றால் நோயாளி மேசையிலேயே போய்விடுவார். மலேரியாவாலும் ஊட்டக் குறைவாலும் வரும்போதே ஹீமோகுளோபின் தாழ்ந்த குழந்தைகள் அவர்கள். மலாவியின் தலைநகரான லிலோங்வேயில் உள்ள காமுசு மத்திய மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், முதல் சில நாட்களுக்குள் அறுவை செய்தவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். தாமதம் கொல்லும் என்றேன். ஆயத்தமில்லாத அவசரமும் கொல்லும். உரிய நேரம் என்பது அந்த மருத்துவமனையின் இரத்தம், மயக்க மருந்து, செவிலியர் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து முடிவு செய்ய வேண்டியது.

நாங்கள் செய்தது இதுதான். ஒரே நாளில் எல்லாவற்றையும் சீவாமல், சிறிது சிறிதாகப் பிரித்துச் செய்வது. அட்ரினலின் கலந்த உப்புநீரைத் தோலுக்கடியில் செலுத்தி இரத்தக் கசிவைக் குறைப்பது. கை கால்களில் இறுக்குப் பட்டை கட்டி அறுவை செய்வது. மின்சாரத்தில் இயங்கும் கருவி பழுதாகும், மின்வெட்டில் நிற்கும். ஹம்பி கத்தி பழுதாவதில்லை. கையால் தோலை மெல்லிதாகச் சீவி எடுக்க அது போதும். எடுத்த தோலை வலைபோல் விரிக்கும் கருவி இல்லாதபோது, கிருமி நீக்கிய பலகையில் தோலைப் பரப்பி, சிறு கத்தியால் வரிசையாகக் கீறிவிட்டால் அது விரியும், அடியில் சேரும் நீரும் வடியும்.

மயக்க மருந்தில் எங்களைக் காப்பாற்றியது கெட்டமின். மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் அதிகம் குலைக்காத மருந்து. மலாவியில் மயக்கம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். கிளினிக்கல் ஆபீசர் என்ற பயிற்சி பெற்ற பணியாளர்கள். அவர்களுடைய கைத்திறனையும் நிதானத்தையும் எந்தப் பெரிய மருத்துவமனையும் மதிக்கும்.

வாழையிலையும் உருளைக்கிழங்குத் தோலும்

ஒட்டுத் தோல் எடுத்த இடமும் ஒரு காயம்தான். அதன்மேல் ஒட்டிக்கொண்ட காஸ் துணியைப் பிரிக்கும்போது நோயாளி கதறுவார். விலை உயர்ந்த கட்டுகள் இந்த வலியைக் குறைக்கும். ஏழை வார்டுக்கு அவை எட்டா. இங்கே நம் நாட்டு மருத்துவர்களின் உழைப்பை நன்றியோடு சொல்ல வேண்டும்.

மும்பையில் எம்.எச். கேஸ்வானியும் அவர் குழுவினரும் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாக்கி 1980களில் எழுதினார்கள். அதே நகரின் சயான் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே வாழையிலையைத் துணியில் ஒட்டி, சுருட்டி, நீராவியில் கிருமி நீக்கிக் கட்டாகப் பயன்படுத்தி, 2003இல் தம் முடிவுகளை வெளியிட்டார். வாழையிலை வழவழப்பானது. புண்ணில் ஒட்டுவதில்லை. கட்டுப் பிரிக்கும்போது வலிப்பதில்லை. விலை மிகக் குறைவு. சோலாப்பூரில் டாக்டர் எம். சுப்ரமண்யம் தேனைத் தீக்காயத்துக்கு இட்டு, வெள்ளி சல்ஃபாடயசின் களிம்போடு ஒப்பிட்ட ஆய்வை 1991இல் வெளியிட்டார். தெற்கு மலாவியில் வாழை விளைகிறது. சயானில் செய்தது போலவே இலையைத் துணியில் ஒட்டி, நீராவியில் கிருமி நீக்கி நாங்கள் பயன்படுத்தினோம். அதைப் பார்த்த உள்ளூர்ச் செவிலியர்கள் அடுத்த வாரமே தாங்களாகச் செய்யத் தொடங்கினார்கள்.

பிரேசிலின் ஃபோர்டலேசா நகரில் திலாப்பியா மீனின் தோலைப் பதப்படுத்தித் தீக்காயத்தின்மேல் போர்த்தும் ஆய்வுகள் நடந்தன. பண்ணைகள் தூக்கி எறிந்த தோல் அது. மலாவி ஏரியில் கிடைக்கும் சாம்போ மீனும் திலாப்பியா இனமே. அப்படியானால் அங்கும் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். அந்தத் தோலைக் கிருமி நீக்கிச் சோதித்துச் சேமிக்க ஆய்வகம் வேண்டும், கதிர்வீச்சு வசதி வேண்டும். அவை இல்லாமல் மீன் தோலைப் புண்ணில் வைப்பது கொலைக்குச் சமம். எளிய பொருள் என்பதாலேயே ஒரு முறை எளிதாகிவிடாது. ஆய்வு செய்து, கிருமி நீக்கி, முடிவைப் பதிவு செய்த பிறகே அது மருந்து.

சோறும் வலியும்

பெரிய தீக்காயம் உடலை எரித்துக்கொண்டே இருக்கும். தீ அணைந்த பிறகும் வாரக்கணக்கில் உடல் தன் தசையையே தின்னும். வழக்கத்தைவிட மிக அதிகமாகப் புரதம் வேண்டும். மருத்துவமனை கொடுப்பதோ பெரும்பாலும் களியும் அவரையும் கீரையும். எடை குறைந்த குழந்தைக்கு ஒட்டிய தோல் பிடிக்காது. அறுவை மருத்துவரின் கைத்திறனைச் சமையலறை தோற்கடித்துவிடும்.

ஆகவே காலைச் சுற்றில் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, நேற்று என்ன சாப்பிட்டாய் என்பது. நிலக்கடலை மாவையும் சோயா மாவையும் கஞ்சியில் கலக்கக் கற்றுக்கொடுத்தோம். ஏரியில் பிடித்துக் காயவைத்த உசிப்பா என்ற சிறு மீன் அங்கே மலிவு. அதைப் பொடித்துக் களியோடு சேர்த்தோம். முட்டை வாங்கித் தர ஒரு சிறு நிதி ஏற்படுத்தினோம். தேறிய குழந்தைகளில் பலரைக் காப்பாற்றியதில் என் கத்தியைவிட அந்த முட்டைக்குப் பங்கு அதிகம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து வலி. கட்டுப் பிரிக்கும் நாளில் குழந்தைகள் வண்டிச் சத்தம் கேட்டாலே அழத் தொடங்கிவிடும். வலி தாங்காமல் கையை அசைக்க மறுக்கும் குழந்தைக்குக் கை முடங்கும். சாப்பிட மறுக்கும் குழந்தைக்குப் புண் ஆறாது. வலியைக் குறைப்பது கருணை மட்டுமன்று, சிகிச்சையின் பாதி. உகாண்டாவில் டாக்டர் ஆன் மெரிமன் 1993இல் தொடங்கிய ஹாஸ்பிஸ் ஆப்பிரிக்கா அமைப்பு, மார்ஃபின் பொடியைத் தண்ணீரில் கரைத்து மலிவான வாய்வழி மருந்தாக்கி, ஏழை நாட்டிலும் வலி தீர்க்கலாம் என்று காட்டியது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் மார்ஃபின் எழுதித் தரவும் உகாண்டா அனுமதி அளித்தது. மார்ஃபின் என்றாலே அஞ்சும் நிலை இன்னும் பல நாடுகளில் இருக்கிறது. அந்த அச்சத்தின் விலையைக் கொடுப்பவர்கள் கட்டுப் பிரிக்கும் மேசையில் படுத்திருப்பவர்கள்.

பிழைக்க வழியே இல்லாதவர்களும் வருவார்கள். முகமும் மூச்சுக்குழலும் வெந்து, வென்டிலேட்டர் இல்லாத வார்டில் வந்து சேரும் ஒருவருக்கு மருத்துவம் செய்யக்கூடியது மிகக் குறைவு. அவரைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவது எளிது. அவருக்கு வலி இல்லாமல் பார்த்துக்கொள்வது, வாயை நனைத்துக்கொண்டே இருப்பது, குடும்பத்தாரைப் பக்கத்தில் உட்கார வைத்து உண்மையைச் சொல்வது, இவையும் சிகிச்சை. இவற்றை மலாவியின் செவிலியர்கள் செய்த விதத்தைப் பார்த்து நான் வணங்கியிருக்கிறேன்.

முதல் ஆண்டு

புண் ஆறிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் தழும்பின் வேலை தொடங்குகிறது. அது பல மாதங்கள் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒரு சிறுமி எங்களிடம் வந்தாள். முகவாய் நெஞ்சோடு ஒட்டிப்போயிருந்தது. வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மல்லாந்து படுக்க வேண்டும். பள்ளியை விட்டுவிட்டாள். கழுத்து வெந்த முதல் வாரத்தில் தலையணையை எடுத்துவிட்டு, தோளுக்கடியில் ஒரு துணி மடிப்பை வைத்திருந்தால் அவளுக்கு அந்த நிலை வந்திருக்காது. அதன் செலவு ஒரு பைசாவும் இல்லை.

வெந்த மூட்டை நோயாளிக்கு இதமாக இருக்கும் நிலையில் விட்டால் அதே நிலையில் அது உறைந்துபோகும். கழுத்து நிமிர்ந்திருக்க வேண்டும். அக்குள் விரிந்திருக்க வேண்டும். முழங்கை நீண்டிருக்க வேண்டும். மாவுக்கட்டாலும், சூடுபடுத்தி வளைத்த பிவிசி குழாயாலும் மூட்டைத் தாங்கும் சிம்பு செய்துகொள்ளலாம். இயன்முறை மருத்துவர் ஒருவர்கூட இல்லாத மாவட்டங்கள் உண்டு. ஆகவே தாய்க்கே கற்றுக்கொடுத்தோம்: நாளுக்கு எத்தனை முறை நீட்டுவது, எப்படி மடக்குவது, தழும்பில் எண்ணெய் தடவி எப்படி அழுத்தித் தேய்ப்பது. தாய் அழுதாலும் குழந்தை அழுதாலும் நிறுத்தக் கூடாது என்பதையும் சொன்னோம். அதைச் சொல்லித் தருவதற்கு, தானும் ஒரு குழந்தையை அப்படித் தேற்றிய இன்னொரு தாயைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைக்கவில்லை.

வார்டுக்கு வெளியே

எவ்வளவு திறமையாகச் சிகிச்சை அளித்தாலும் மூன்று கல் அடுப்பு தரையில் இருக்கும்வரை படுக்கைகள் காலியாகா. சுடுமண்ணால் செய்யப்பட்ட சித்தெத்தெசோ என்ற அடுப்பு மலாவியில் பரவி வருகிறது. கிராமப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து செய்து விற்கிறார்கள். நெருப்பைச் சுற்றிச் சுவர் இருப்பதால் விறகும் மிச்சம், இடுப்பில் சுற்றிக்கட்டும் சித்தெஞ்சே துணி பற்றிக்கொள்ளும் ஆபத்தும் குறைவு.

விளக்கைப் பற்றிச் சொல்லும்போது இலங்கையின் அறுவை மருத்துவர் விஜய கொடகும்புரவை நினைக்காமல் இருக்க முடியாது. பழைய மருந்துப் போத்தல்களில் திரியிட்டு எரித்த குப்பி விளக்குகள் கவிழ்ந்து வெந்தவர்களுக்கு அவர் ஓயாமல் அறுவை செய்துகொண்டிருந்தார். கவிழாத விளக்கை வடிவமைத்தால் அறுவையே தேவைப்படாதே என்று எண்ணினார். குட்டையான, கனமான, இரு பக்கமும் தட்டையான கண்ணாடிக் குப்பி. விழுந்தாலும் உருளாது. திருகு மூடி இருப்பதால் எண்ணெய் கொட்டாது. அந்தப் பணிக்காக 1998இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. மருத்துவர் ஒருவர் தம் வார்டுக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, அவர்கள் ஏன் வருகிறார்கள் என்றும் கேட்டதன் பலன் அது.

எதைக் கேட்டுப் பெற வேண்டும்

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். பற்றாக்குறையை நான் புகழவில்லை. வாழையிலையும் சாக்பீசும் இருக்கிறதே, இவர்களுக்கு இது போதும் என்று எந்த அரசும் எந்த நன்கொடையாளரும் சொல்ல இடம் தரக் கூடாது. இரத்தத்துக்கு மாற்று இல்லை. ஆக்சிஜனுக்கு மாற்று இல்லை. தடையற்ற மின்சாரத்துக்கும், ஓடும் தண்ணீருக்கும், போதிய செவிலியர்களுக்கும் மாற்று இல்லை. இவற்றைக் கேட்டுப் பெறுவதும் மருத்துவரின் கடமை.

கேட்பவற்றிலும் முன்பின் வேண்டும். பழுது பார்க்க ஆளில்லாத விலை உயர்ந்த கருவி ஒன்றை நன்கொடையாகப் பெறுவதைவிட, இரண்டு செவிலியர்களுக்கு ஒரு வருடச் சம்பளம் மேலானது. வெளிநாட்டிலிருந்து பத்து நாள் வந்து அறுவை செய்து, படம் பிடித்துக்கொண்டு போகும் குழுவைவிட, அந்நாட்டுச் செவிலியர் ஒருவருக்குத் தீக்காயப் பயிற்சி அளிக்கும் குழு பயனுள்ளது. 2006இல் தொடங்கப்பட்ட இன்டர்பர்ன்ஸ் என்ற பன்னாட்டு அமைப்பு பயிற்சியை முதலில் வைத்து ஏழை நாடுகளில் பணிபுரிகிறது. அதுவே சரியான வரிசை.

டிரிப்ஸ் கணக்கைப் பலகையில் எழுதுபவர் செவிலியர். சிறுநீரை அளப்பவர், முட்டை உள்ளே போனதா என்று பார்ப்பவர், கழுத்துக்கடியில் தலையணை இல்லாமல் பார்த்துக்கொள்பவர், தாய்க்குக் கற்றுத் தருபவர் எல்லோரும் அவரே. நான் அறுவை மருத்துவன். நான் நோயாளியோடு இருப்பது ஒரு மணி நேரம். மற்ற இருபத்துமூன்று மணி நேரமும் கடிகாரம் அவர் கையில் இருக்கிறது. இந்த அறக்கட்டளை ஒரு செவிலியர் பெயரில் இருப்பது ஏன் பொருத்தம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, தீக்காயப் பிரிவைத் தேர்ந்தெடுக்க அஞ்சாதீர்கள். நாற்றமும் அழுகையும் நிறைந்த வார்டு என்று சொல்லி உங்களைத் தடுப்பார்கள். உழைப்புக்கு இவ்வளவு நேரடியாகப் பலன் தெரியும் துறை வேறு அதிகம் இல்லை. வாய்ப்பு வந்தால் மலாவி போன்ற நாட்டுக்குப் போங்கள். கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள், கற்கப் போங்கள். அறம் செய்யும் மனமுடையவர்களே, கட்டடத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை ஊதியத்துக்கும் உணவுக்கும் கொடுங்கள்.

அவையிலுள்ள அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். வெந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர், அதன்மேல் சுத்தமான துணி, உடனே மருத்துவமனை. மையும் மாவும் பற்பசையும் வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் சமையலறையில் நிற்பவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லுங்கள்.